சராசரியை வைத்து ஆளை எடை போடலாமா?

பாண்டியில இருந்து உங்க பாட்காஸ்ட் ஆள். இது போன எபிசோடோட எழுத்து வடிவம். நான் 'அதாவது'ன்னு எத்தனை தடவை சொல்றேன்னு இதை டைப் பண்ணும்போதுதான் தெரிஞ்சது. முடிஞ்ச அளவு எடுத்துட்டேன். கணக்கு வர்ற இடத்துல காதால கேட்கிறதைவிடக் கண்ணால படிக்கிறது சுலபம்னு சில பேர் சொன்னீங்க, அதனால அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிச்சு எழுதியிருக்கேன்.

விஷயம் எங்க ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல ஆரம்பிச்சது. நீட் ரிசல்ட் வந்த வாரம். புதுச்சேரியில அரசுப் பள்ளியில படிச்ச பசங்களுக்கு எம்பிபிஎஸ் இடங்கள்ல 10 சதவீத உள் ஒதுக்கீடு 2023-ல இருந்து இருக்கு. தமிழ்நாட்டுல 2020-ல இருந்து 7.5 சதவீதம். அதைப் பத்தி வருஷா வருஷம் வர்ற அதே சண்டைதான். ஒரு நண்பன் எழுதினான்: "கவர்மென்ட் ஸ்கூல் ஆவரேஜ் என்னன்னு பாருங்கடா. ஃபீலிங்ஸ் வேற, டேட்டா வேற." கூடவே ஒரு உலக மேப். எந்த நாட்டுக்கு எவ்வளவு சராசரி ஐக்யூ-ன்னு கலர் அடிச்சது.

அந்த மாதிரி மேப்புகள் பெரும்பாலும் ரிச்சர்ட் லின், தாத்து வான்ஹானன்னு ரெண்டு பேர் 2002-ல எழுதின புத்தகத்து வழியில வந்தவை. அதுல 185 நாடுகளுக்கு எண் இருக்கும். அதுல 81 நாடுகளுக்குத்தான் ஏதோ ஒரு டெஸ்ட் டேட்டா இருந்தது. மீதி 104 நாடுகளுக்குப் பக்கத்து நாடுகளோட எண்ணை வெச்சு ஒரு மதிப்பு போட்டுட்டாங்க. பக்கத்து வீட்டுப் பையன் மார்க்கைப் பார்த்து உங்களுக்கு ரேங்க் கார்டு அடிக்கிற மாதிரி. இந்தியாவுக்கு அதுல 80-ஐ ஒட்டித்தான் எண். அந்த மேப்பை அனுப்பின நண்பனும், அதுக்குத் தம்ஸ்-அப் போட்ட மத்தவங்களும், நானும், எல்லாரும் அதே வெளிறின கலர்லதான் இருக்கோம். அதை அவன் கவனிச்ச மாதிரி தெரியலை.

நான் எதுவும் பதில் போடலை. நல்ல பதில் இல்லாததால இல்லை. அவன் சொன்ன அதே லாஜிக்கை நான் ஒரு காலத்துல கோடா எழுதி, சம்பளமும் வாங்கியிருக்கேன்.

முன்னாடி வேலை பார்த்த ஒரு கம்பெனியில (பேர் வேண்டாம்) ஃபிரெஷர் ரெக்ரூட்மென்ட்டுக்கு ஆயிரக்கணக்கில ரெஸ்யூமே வரும். ஹெச்ஆர் டீம்ல மூணே பேர். "ஏதாவது ஒரு ஃபில்டர் போட்டுக் குடு"ன்னு கேட்டாங்க. மூணு வருஷத்து டேட்டா கொடுத்தாங்க: யார் எந்த காலேஜ், யார் சேர்ந்தாங்க, அப்ரைசல்ல என்ன ரேட்டிங். நான் காலேஜ் வாரியா சராசரி எடுத்தேன். ஒரு கோடு கிழிச்சேன். கோட்டுக்குக் கீழ இருந்த காலேஜ்னா தானாவே ரிஜெக்ட் மெயில் போகும். மொத்தம் ஒரு சாயங்கால வேலை. டீம்ல கைதட்டு வேற கிடைச்சது.

சில மாசம் கழிச்சு பீச் ரோடு பக்கம் டீ குடிக்கும்போது, எங்க தெருவுல இருக்கிற ஒரு தம்பியைப் பார்த்தேன். அரசுப் பள்ளி, அப்புறம் ஊருக்கு வெளியில ஒரு சின்ன இன்ஜினியரிங் காலேஜ். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு அவன் பண்ணியிருந்த வேலையை எனக்கு முன்னாடியே காட்டியிருந்தான். நல்லா இருந்தது, நிஜமாவே நல்லா இருந்தது. "உங்க கம்பெனிக்கு அப்ளை பண்ணேண்ணா," அப்படின்னான். "ராத்திரி 11.40-க்கு அனுப்பினேன். 11.41-க்கு ரிஜெக்ட் மெயில் வந்துடுச்சு. அந்த நேரத்துலகூட யாரோ உட்கார்ந்து படிக்கிறாங்க போல." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். யாரும் படிக்கலைன்னு எனக்குத் தெரியும். நான் டீயைக் குடிச்சு முடிச்சேன்.

இனிமே கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, ப்ளஸ் டூ அளவுதான்.

ரெண்டு குழு இருக்குன்னு வெச்சுக்கோங்க. முதல் குழுவோட சராசரி மார்க் 60. ரெண்டாவது குழுவோடது 55. ரெண்டுலயும் மார்க்குகள் சராசரியைச் சுத்தி மணி வடிவத்துல பரவியிருக்கு, திட்ட விலக்கம் 10. இப்போ ரெண்டாவது குழுவுல 1000 பேர் இருந்தா, அதுல சுமார் 309 பேர் முதல் குழுவோட சராசரியைத் தாண்டினவங்க. ரெண்டு குழுவுல இருந்தும் கண்ணை மூடிக்கிட்டு ஆளுக்கு ஒருத்தரை எடுத்தா, நூறு தடவைல சுமார் 36 தடவை ரெண்டாவது குழு ஆள்தான் அதிக மார்க். கிட்டத்தட்ட காசு சுண்டுற மாதிரி, கொஞ்சம் சாய்ஞ்ச காசு.

ஆனா இதே எண்களை வெச்சு 80 மார்க்குக்கு மேல யார் யார்னு பாருங்க. முதல் குழுவுல ஆயிரத்துக்கு 23 பேர். ரெண்டாவது குழுவுல 6 பேர். கிட்டத்தட்ட நாலுக்கு ஒண்ணு! சராசரியில வெறும் 5 மார்க் வித்தியாசம், உச்சியில போனா நாலு மடங்கு ஆயிடுது. டாப்பர் போட்டோ பேனர்ல, பெரிய கம்பெனி ஆஃபீஸ் லிஃப்ட்ல, நாம பார்க்கிறது இந்த உச்சியைத்தான். அதைப் பார்த்துட்டு தெருவுல நடக்கிற எல்லாரையும் அதே விகிதத்துல கணக்குப் போடுறோம். 'அந்த ஸ்கூல் பசங்கன்னாலே அப்படித்தான்'ங்கிற எண்ணம் நிறைய இங்கதான் பொறக்குதுன்னு நினைக்கிறேன். இன்னொண்ணு: அந்த 6 பேரும் 80-ஐத் தாண்டினவங்கதான். அவங்க தாண்டின 80, மத்த 23 பேர் தாண்டின அதே 80.

"சரிப்பா, ஆனா ஒருத்தரைப் பத்தி முழுசா தெரியாதப்போ குழு சராசரி ஒரு க்ளூ தானே?" ஆமா, க்ளூதான். இதை மறுக்கிறவங்க கணக்கோட சண்டை போடுறாங்க. ட்ரூமன் கெல்லின்னு ஒரு அமெரிக்கக் கல்வி உளவியலாளர் 1920-கள்லயே இதுக்கு ஒரு சூத்திரம் போட்டுட்டார். எந்தப் பரீட்சையும் நூறு சதவீதம் நம்பகமானது இல்லை. அன்னைக்குத் தலைவலி, தெரிஞ்ச கேள்வி வந்த அதிர்ஷ்டம், எல்லாம் கலந்திருக்கும். அதனால ஒருத்தரோட உண்மையான திறமையைக் கணிக்கணும்னா, அவரோட மார்க்கையும் அவர் குழுவோட சராசரியையும் கலக்கணும். பரீட்சையோட நம்பகத்தன்மை 0.9-ன்னா, அவர் மார்க்குக்கு 90 சதவீத எடை, சராசரிக்கு 10 சதவீதம். சராசரி 55 இருக்கிற குழுவுல ஒருத்தர் 75 வாங்கினா, கணிப்பு 73. நம்பகத்தன்மை 0.5 தான்னா, கணிப்பு 65-க்கு இறங்கிடும்.

இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. என் ஃபில்டருக்கு ஒரு அறிவியல் கௌரவம் கிடைச்ச மாதிரி முதல்ல தோணுச்சு. அப்புறம் சூத்திரத்தை என் கோடு மேல வெச்சுப் பார்த்தேன். நான் மார்க்கையும் சராசரியையும் கலக்கவே இல்லை. அந்தத் தம்பியோட சிஜிபிஏ அடுத்த காலத்திலேயே இருந்தது. ப்ராஜெக்ட் லிங்க் இருந்தது. கோடிங் டெஸ்ட் ஸ்கோர்கூட நிறைய பேருக்கு இருந்தது. நான் அது எதையும் தொடலை. கெல்லி மொழியில சொன்னா, அவனைப் பத்தின ஒவ்வொரு தகவலோட நம்பகத்தன்மையும் பூஜ்யம்னு வெச்சுட்டு, காலேஜ் சராசரிக்கு நூறு சதவீத எடை கொடுத்திருக்கேன். எந்தப் புள்ளியியல் புத்தகமும் இதைச் செய்யச் சொல்லலை. சோம்பேறித்தனம்தான் சொல்லுச்சு.

பொருளாதாரத்துல இதுக்கு ஒரு பேர் உண்டு: புள்ளிவிவரப் பாகுபாடு. எட்மண்ட் ஃபெல்ப்ஸ் 1972-ல இதைப் பத்தி எழுதினார். வெறுப்பே இல்லாத முதலாளிகூட, தகவல் திரட்டச் செலவாகுதுன்னு, குழு சராசரியை வெச்சு ஆளை ஒதுக்கலாம்ங்கிறதுதான் அவர் வாதம். எனக்கு அந்தக் காலேஜ் மேல எந்த வெறுப்பும் கிடையாது. அதுதான் பயமா இருக்கு. இன்னொரு சிக்கல், இதை எந்த டேட்டா ஆளும் உடனே பிடிச்சுடுவீங்க: ஃபில்டர் போட்ட பிறகு அந்தக் காலேஜ்ல இருந்து யாரும் உள்ள வரப்போறதில்லை. புது டேட்டா வராது. பழைய சராசரி அப்படியே கல்வெட்டு மாதிரி நிக்கும். தப்புன்னு நிரூபிக்க வேண்டிய ஆள் வாசல்லயே திரும்பிப் போயிடறான்.

இது வரைக்கும் சராசரி உண்மைன்னு ஒத்துக்கிட்டுத்தான் பேசினேன். அடுத்த கேள்வி, அந்தச் சராசரி எதை அளக்குது?

பாகூர் பக்கம் போனா ஏரிப் பாசன நெல்வயல் பார்க்கலாம். ஒரே மூட்டையில இருந்து ரெண்டு பிடி விதைநெல் எடுத்து, ஒண்ணை அங்கேயும் இன்னொண்ணை தண்ணி இல்லாத ஒரு மேட்டு நிலத்திலேயும் போடுங்க. ஒவ்வொரு வயலுக்குள்ளயும் ஒரு பயிர் உயரமாவும் ஒண்ணு குட்டையாவும் இருக்கறதுக்கு விதை காரணமா இருக்கலாம். ஆனா ரெண்டு வயலோட சராசரி உயரத்துல இருக்கிற வித்தியாசம் முழுக்கத் தண்ணி. ரிச்சர்ட் லெவான்டின்னு ஒரு மரபியலாளர் 1970-ல சொன்ன உதாரணம் இது. பாகூர், நெல், தண்ணி எல்லாம் என் சேர்க்கை. 'புத்திசாலித்தனம் பரம்பரையா வருது, அதனால குழுக்களுக்கு இடையில இருக்கிற இடைவெளியும் பரம்பரை'ன்னு தாவுறவங்க தடுக்கி விழற இடம் இந்த வரப்புதான்.

ஐக்யூ சராசரியே நிலையா நிக்கிற ஒண்ணு இல்லை. ஜேம்ஸ் ஃபிளின் 1980-கள்ல காட்டினது இது: பல நாடுகள்ல 20-ஆம் நூற்றாண்டு முழுக்க பத்து வருஷத்துக்கு ஏறக்குறைய 3 புள்ளி வீதம் ஏறிக்கிட்டே வந்திருக்கு. ரெண்டு தலைமுறையில மரபணு மாறாது. பள்ளிக்கூடம், சாப்பாடு, வேலையோட தன்மை, இதெல்லாம் மாறும்.

நம்ம பக்கத்துலயே ஒரு பழைய சராசரி இருக்கு. 1916 டிசம்பர்ல பிட்டி தியாகராயர் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கையில சில எண்கள் வரும், அலெக்சாண்டர் கார்டியூ 1913-ல பப்ளிக் சர்வீஸ் கமிஷன் முன்னாடி வெச்ச சாட்சியத்துல இருந்து எடுத்தவை. 1892-ல இருந்து 1904 வரைக்கும் நடந்த மாகாண சிவில் சர்வீஸ் போட்டித் தேர்வுகள்ல தேறின 16 பேர்ல 15 பேர் பிராமணர். 1912-ல நிரந்தர மாவட்ட முன்சீப் 128 பேர்ல 93 பேர். மக்கள்தொகையில அவங்க சுமார் 3 சதவீதம். இப்போ எங்க வாட்ஸ்அப் நண்பன் 1916-ல இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பான்? "ஃபீலிங்ஸ் வேற, டேட்டா வேற." அந்த டேட்டாவும் பொய் இல்லை. ஆனா நூறு வருஷம் கழிச்சு தமிழ்நாட்டு மருத்துவச் சேர்க்கையில யாருக்கும் ஒதுக்காத பொதுப்பிரிவு இடங்கள்லயே பெரும்பாலும் பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பிள்ளைங்கதான் உட்காருறாங்க. அன்னைக்கு அந்தச் சராசரி அளந்தது மூளையை இல்லை. யார் வீட்டுல ஏற்கனவே புத்தகம் இருந்தது, யாருக்குப் பள்ளிக்கூட வாசல் திறந்திருந்தது, இதை.

ஒரு பரிசோதனை பத்தியும் சொல்லணும். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் உத்தரப்பிரதேச கிராமத்துல ஆறாவது, ஏழாவது படிக்கிற பையன்களுக்குக் காகிதத்துல புதிர்வழி கொடுத்து, தீர்த்ததுக்கு ஏத்த மாதிரி காசு கொடுத்தாங்க. சாதியைப் பத்திப் பேச்சே எடுக்காதப்போ மேல்சாதிப் பசங்களும் தாழ்த்தப்பட்ட சாதிப் பசங்களும் கிட்டத்தட்ட ஒரே அளவு தீர்த்தாங்க. அப்புறம் வேற பசங்க கூட்டத்துல, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தன் பேர், ஊர், அப்பா பேர், தாத்தா பேர், சாதி எல்லாத்தையும் சத்தமா வாசிச்சாங்க. அவ்வளவுதான். தாழ்த்தப்பட்ட சாதிப் பசங்க தீர்த்த எண்ணிக்கை கணிசமா விழுந்துடுச்சு. புதிர் அதே புதிர். இதைப் படிச்சதுல இருந்து, இன்டர்வியூல "சொந்த ஊர் எது, அப்பா என்ன பண்றார்"னு யாராவது ஆரம்பிச்சா எனக்கு உள்ள ஏதோ பண்ணுது.

இப்போ எனக்கு எதிரா வர்ற நியாயமான கேள்வி. "ஆளைத்தான் பார்க்கணும்னு இவ்வளவு பேசுறியே, இட ஒதுக்கீடும் குழுவைத்தானே பார்க்குது?" இதை லேசா தட்டிவிட முடியாது. அரசுப் பள்ளிங்கிற குழுவுக்குள்ளயும் மேடு பள்ளம் இருக்கு. வீட்டுல ரெண்டு ஆசிரியர்கள் இருக்கிற பையனும், அம்மா கூடவே மீன் கூடை தூக்கிட்டு அப்புறம் ஸ்கூலுக்கு வர்ற பொண்ணும் ஒரே பட்டியல்ல வருவாங்க. அந்தக் குறை நிஜம். ஆனா ரெண்டு வேலையும் ஒண்ணு இல்லை. என் ஃபில்டர், 'உன் குழு இப்படி, அதனால நீ இப்படி'ன்னு ஆளைப் பத்தி ஒரு தீர்ப்பு சொல்லுச்சு. 10 சதவீதம் அப்படி எதுவும் சொல்றதில்லை. ஒரே நிலத்துல வளர்ந்தவங்களை அவங்களுக்குள்ள போட்டி போட வைக்குது, உள்ள ஒவ்வொருத்தரும் சொந்த நீட் மார்க்கை வெச்சுத்தான் தேர்வாகுறாங்க. ரெண்டு லட்சம் கட்டி ஒரு வருஷம் கோச்சிங்ல உட்கார்ந்து ரெண்டாவது தடவை எழுதி வாங்கின மார்க்கையும், ஸ்கூல் முடிச்ச கையோட எழுதி வாங்கின மார்க்கையும் ஒரே மாதிரி வாசிச்சா, ஆளைப் பார்த்ததா ஆகாது. மார்க்கைத்தான் பார்த்திருப்போம்.

'ஆளா மட்டும் பாருங்க'ங்கிற கோரிக்கைக்கு நம்ம ஊர்ல ஒரு வரலாறு உண்டு. 1873-ல பொன்னுத்தம்பி பிள்ளைங்கிற வழக்கறிஞர் ஐரோப்பிய ஷூ போட்டுக்கிட்டு புதுச்சேரி நீதிமன்றத்துக்குள்ள போனார். இந்தியர்னா வழக்கப்படி அப்படி வரக்கூடாதுன்னு நீதிபதி வெளியே அனுப்பினார். பாரிஸ்ல இருந்த உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் ஜெயிச்சார். பிறகு 1881-ல ஒரு பிரெஞ்சு ஆணை வந்தது: சொந்த சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்தா பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குக் கீழ வரலாம். பொன்னுத்தம்பி துறந்து, லாபோர்த்னு பேரையும் மாத்திக்கிட்டார். தனி ஆளா மதிக்கப்படறதுக்குக் கட்டின விலை அது. ஆனா 1884-ல என்ன ஆச்சு? வாக்காளர்களை மூணு பட்டியலாப் பிரிச்சாங்க: ஐரோப்பியர், துறந்தவர், மத்த இந்தியர். குழுவை விட்டு வெளியே வந்தவருக்கு இன்னொரு குழு ரெடியா இருந்தது. லிங்க்டின்ல காலேஜ் பேரை மறைச்சு, 'செல்ஃப் டாட்'னு போடுற பசங்களைப் பார்க்கும்போது எனக்கு அவர் ஞாபகம் வரும்.

டெக் ஆட்களுக்கு மட்டும் ஒரு குட்டித் தகவல். அனாமலி டிடெக்‌ஷனுக்கு நாம கூப்பிடுற மஹாலனோபிஸ் டிஸ்டன்ஸ் இருக்கே, அதோட பிறப்பே மனுஷங்களைக் குழு குழுவா அளந்த டேட்டாவுலதான். அதுக்கு முன்னாடி ஹெர்பர்ட் ரிஸ்லி வங்காளத்துல மூக்கை அளந்து சாதிக்கு வரிசை போட்டுக்கிட்டிருந்தார். இங்க மெட்ராஸ் மியூசியத்துல எட்கர் தர்ஸ்டன் தலையையும் மூக்கையும் அளந்தார். மஹாலனோபிஸ் 1933-ல ரிஸ்லியோட எண்களை எடுத்துத் திருத்தினார், 1936-ல தன் தூரத்தை வெளியிட்டார். அந்தச் சூத்திரத்துல சராசரிகளோட இடைவெளி மட்டும் இருக்காது. உள்ள எவ்வளவு பரவல் இருக்குங்கறதை வெச்சு அதை வகுக்கும். பரவல் பெருசானா தூரம் சின்னதாயிடும். நான் அதை ஆஃபீஸ்ல பல தடவை இம்போர்ட் பண்ணியிருக்கேன். காலேஜ் ஃபில்டர் எழுதின அன்னைக்கு மட்டும் பரவலைப் பார்க்கத் தோணலை. பிறகு ஒரு நாள் பழைய டேட்டாவைத் திறந்து பார்த்தேன். நான் வெட்டின காலேஜ்கள்ல ஒண்ணுல இருந்து மூணே பேர் சேர்ந்திருந்தாங்க. ஒருத்தருக்கு மோசமான ரேட்டிங். இன்னொருத்தருக்கு அந்த பேட்ச்லயே உச்ச ரேட்டிங். மூணு பேரோட சராசரியை வெச்சு ஒரு காலேஜையே மூடியிருக்கேன்.

அதை மேனேஜர்கிட்ட காட்டினேன். ஃபில்டரை எடுத்துட்டு எல்லாருக்கும் நாப்பத்தஞ்சு நிமிஷ டெஸ்ட் ஒண்ணு வைக்கலாம்னு சொன்னேன். "நல்ல ஐடியா, அடுத்த குவார்ட்டர் பார்க்கலாம்"னார். அடுத்த குவார்ட்டர் வேற ப்ராஜெக்ட் வந்துடுச்சு. நானும் திரும்பக் கேட்கலை. நான் அந்த வேலையை விட்டு வரும்போது அந்த வரி கோடுல அப்படியேதான் இருந்தது.

தம்பிகிட்ட போன மாசம்தான் சொன்னேன். இப்போ சென்னையில ஒரு ஸ்டார்ட்-அப்ல இருக்கான். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டான், "கட்-ஆஃப் எவ்வளவுண்ணா வெச்சிருந்தீங்க?" சொன்னேன். "எங்க காலேஜ் எவ்வளவு?" அதையும் சொன்னேன். புள்ளி ரெண்டு வித்தியாசம்.

இந்த எபிசோடை அவன் அனுமதியோடதான் போடுறேன். ஸ்கூல் குரூப்புலயும் லிங்க் போட்டிருக்கேன், ரெண்டு நீல டிக் வந்திருக்கு, பதில் இன்னும் வரலை. உங்க ஆஃபீஸ்ல இந்த மாதிரி ஃபில்டர் எழுதினவங்க இருந்தா, இல்லை அதுல மாட்டினவங்க இருந்தா, வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.